கசியாத சொல்

ஊர்ப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில்
நாலு வரி போட்டிருந்தார்கள்.
ஏமஸ் கோட்டபெட், வயது எழுபத்தொன்பது,
பிராண்டன் ஊர்ப் படகுக்காரர்,
டல்சியின் 'ஸ்டான்ச்' கணவர்.

மாறாத, அசையாத, கடைசிவரை கூடவே நிற்கிற
என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது.
டல்சி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுச்
சிரித்தாள்.
துக்கம் கேட்க வந்திருந்த சபைக்காரிகள்
அவரவர் தேநீருக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிரவு அகராதியை எடுத்தாள்,
குறுக்கெழுத்துக்காக வாங்கியது, முதுகெல்லாம் டேப்.
மனிதருக்கு வருமுன் அந்தச் சொல்
மரத்திடம் இருந்திருக்கிறது.
பழைய பிரெஞ்சில்: நீர் புகாத.
கப்பலின் வயிற்றைத் தட்டிப் பார்த்து யாரோ சொன்னது.
காயத்தில் துணியை அழுத்திப் பிடித்தவன்
ரத்தம் நின்றதும் சொன்னது.
இதே லிட்டில் ஊஸ் ஆற்றில்
தண்ணீரைத் தேக்கிய பலகைக் கதவுக்கும் அதுவே பெயர்.
சரக்குப் படகு வரும்வரை தேக்கும்,
வந்ததும் தூக்கிவிடுவார்கள்,
தேங்கியதெல்லாம் படகைச் சுமந்துகொண்டு ஓடும்.
அலைந்து அலைந்து கடைசியில்தான்
ஆட்களிடம் வந்து சேர்ந்தது,
கட்சிக்காரர்களிடம், நண்பர்களிடம்,
செத்துப்போன கணவர்களிடம்.

நீர் புகாத.
டல்சி கண்ணாடியைக் கழற்றினாள்.

அறுபத்து மூன்றில், ஆறே உறைந்து கிடந்த குளிரில்,
லோஸ்டாஃப்ட்டுக்கு மீன் வேலைக்கென்று போனவன்
பதினோரு வாரம் ஒரு கடிதம் இல்லை.
ஏப்ரலில் வந்தான்,
சட்டையில் வேறு யாரோ தைத்த பொத்தானோடு.
அவள் கேட்டாள். அவன் சொன்னான்.
பெயரையும் சொன்னான்.
பெயர்தான் ரொம்ப நாள் வலித்தது.

அவள் சொல்லாதது:
மாவு டப்பாவுக்குள் ஈலிக்கு ஒரு ரயில் டிக்கெட்,
போவதற்கு மட்டும் வாங்கியது.
இரண்டு முறை ஸ்டேஷன்வரை நடந்தது.

அந்த வாரமே படகை இறக்கினார்கள்.
குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் காய்ந்த படகு,
பலகைக்கும் பலகைக்கும் நடுவே வெளிச்சம் தெரியும்.
இறக்கியதும் மூழ்கியது,
விளிம்புவரை, வெட்கமே இல்லாமல்.
ஊருக்குப் புதிதாய் வந்த தபால்காரர் ஓடிவந்தார்,
ஐயோ, போச்சே உங்கள் படகு!
ஏமஸ் பைப்பைப் பற்றவைத்தான்.
குடிக்கட்டும், என்றான்.

இரண்டு நாள் குடித்தது.
பலகைகள் ஊறின, உப்பின,
ஒன்றின் தோளை ஒன்று நெருக்கின.
மூன்றாம் நாள் இருவரும் வாளிவாளியாய் இறைத்தார்கள்,
அவள் பக்கம் அவள், அவன் பக்கம் அவன்,
ஒரு வார்த்தை பேசாமல்.
அதன்பிறகு இலையுதிரும்வரை
ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

நாற்பத்தாறு ஏப்ரல் இப்படி.
நாற்பத்தாறு முறையும் முதலில் மூழ்கியது.
அகராதி இதைச் சொல்லவில்லை.

டல்சிக்குத் தமிழ் தெரியாது.
தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்:
எங்களிடம் பானையும் கசியும், மனசும் கசியும்,
இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்.
கசியாத நெஞ்சைக் கல் என்போம்;
பாராட்டிப் பத்திரிகையில் போடமாட்டோம்.

இந்த ஏப்ரலில்
தபால்காரரின் மகனைக் கூப்பிட்டுப் படகை இறக்கச் சொன்னாள்.
அவனும் ஐயோ என்றான்.
கரையில் மடக்கு நாற்காலி போட்டு
இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்
அது குடிப்பதை.

மூன்றாம் நாள் வாளியோடு இறங்கினாள்.
தன் பக்கத்தை இறைத்தாள்.
கொஞ்சம் நின்று, மூச்சு வாங்கி,
அவன் பக்கத்தையும் இறைத்தாள்.
அந்தப் பக்கம்தான்
தண்ணீர் கொஞ்சம் அதிகம் போலிருந்தது.